மரியசெல்வம் பிரிக்காத ஜாயிண்ட்

“மரியசெல்வம் போட்ட ஜாயிண்ட்டு, மரியசெல்வம் செத்து மண்ணாப் போனாலும் பேசும்ல!”

டெலிபோன் ஆபீஸில் இருபத்தைந்து வருட உழைப்புக்காக ஒரு சால்வையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்த அன்று, லைன்மேன் மரியசெல்வம் மைக்கைப் பிடித்து ஆற்றிய உரையின் முதல் வாக்கியம் இது. கடைசி வாக்கியமும் இதுதான். நடுவில் ஓடிய அரைமணி நேரமும் ஏறக்குறைய இதேதான்.

இரண்டு செம்புக்கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, ஈரம் இறங்காமல் களிம்பு அடைத்து, மேலே உறை போட்டு, சின்னப் பெட்டிக்குள் மூடிக் கம்பத்தில் தொங்கவிடுவதற்குப் பெயர் ஜாயிண்ட். தாடிக்கொம்பு தாண்டிக் காட்டுக்குள் போகும் லைனில் அப்படி முறுக்கிய கைகள் இரண்டே ஜோடி. ஒன்று மரியசெல்வத்துடையது. இன்னொன்று ஒச்சப்பனுடையது. ஒச்சப்பன் இடதுகைக்காரர். அவருடைய முறுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகும். கையெழுத்து மாதிரி, பார்த்தவுடன் ஆளைச் சொல்லிவிடலாம்.

மரியசெல்வத்துக்கோ பார்க்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. எந்த லைன் செத்தாலும், ஏணியைச் சாத்துவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்: “இடதுகை முறுக்கா இருக்கும் சார்.”

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசி மழையில் வாய்க்கால் பாலத்துக்கிட்ட இருந்த பெட்டி நனைந்து, அந்தப் பக்கமே ஊமையாகிப் போனது. யார் போட்ட ஜாயிண்ட் என்று அதிகாரி கேட்டார். குடைக்குள் நின்றபடியே மரியசெல்வம் வழக்கமான தீர்ப்பைச் சொன்னார். யாரும் பெட்டியைத் திறக்கவில்லை. வேறு கம்பி இழுத்து அவசரத்துக்கு லைனைக் கொடுத்தார்கள். ஒச்சப்பனை மலைக்கு மாற்றினார்கள். “அது நான் போட்டதில்லடா மரியான்” என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு ஒச்சப்பன் மலையேறினார். அங்கே குளிர் நெஞ்சில் ஏறியது. இரண்டு வருடம் இருமினார். பிறகு இருமவில்லை.

அதற்கப்புறம்தான் மரியசெல்வத்துக்குக் கேட்க ஆரம்பித்தது.

தாடிக்கொம்பு பக்கத்து லைனில், சோதித்துப் பார்க்கிற டெஸ்ட் போனை மாட்டிக் காதில் வைத்தால் போதும். முதலில் இரைச்சல். அப்புறம் இரண்டு குட்டை இருமல், ஒரு நெட்டை இருமல். ஒச்சப்பன் பீடியை அணைத்துவிட்டு இருமுகிற அதே கணக்கு. வீட்டில் சொன்னபோது மனைவி ரூபி, “லைன்ல தண்ணி எறங்கியிருக்கும், போய் வேலையப் பாருங்க” என்றாள். அன்னார் பங்குச்சாமியாரிடம் மந்திரித்த தண்ணீர் வாங்கி டெஸ்ட் போன்மேல் தெளித்தார். போன் இரண்டு நாள் செத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் உயிர் வந்து, இருமியது.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் போன செவ்வாய்க்கிழமை காலை கீர்த்தனாவிடமிருந்து அழைப்பு வந்தது. கீர்த்தனா, ஒச்சப்பனின் மகள்.

“சித்தப்பா, நெட்டு ஊருது. ஊருதுன்னு சொல்றதுகூட மரியாதைக்குத்தான்.”

வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுக்கும் வேலை அவளுக்கு; வீட்டிலிருந்தே. கம்பெனிக்காரர்கள் கம்பி வழியாக வரும் இணைப்பு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். புது கண்ணாடியிழைக் கேபிள் தார் ரோட்டோடு நின்றுவிட்டது. கத்தரிக்காய்த் தோட்டத்தைத் தாண்டி உள்ளே வரவில்லை. கையில் இருப்பது அப்பா காலத்து டெலிபோன் லைன் ஒன்றுதான்.

“இன்னைக்கு மூணு மணிக்கு லைன டெஸ்ட் பண்ணப் போறாங்க சித்தப்பா. அறுந்துச்சுன்னா வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம். புகார் நம்பருக்கு அடிச்சா, மோடத்த அணைச்சுப் போடுங்கன்னு ஒரு பொம்பளக் குரல் சொல்லுது. பதினோரு தடவ அணைச்சுப் போட்டாச்சு. இனி அணைச்சா அது கோவிச்சுக்கும்.”

பத்து மணிக்கு மரியசெல்வம் போய்ச் சேர்ந்தார். வாசலில் ஒச்சப்பனின் மனைவி கௌசல்யா நின்றாள்.

“வாங்க தம்பி. காப்பி குடிக்கிறீகளா?”

“வேல முடியட்டும் மதினி.”

உள்ளே முறைப்படி எல்லாம் நடந்தது. மோடத்தின் பச்சை விளக்கு கண்ணடித்தபடி இருந்தது. ஒழுங்காக இருந்தால் அது அசையாமல் எரிய வேண்டும். வயரை மாற்றினார். போனையும் மோடத்தையும் பிரிக்கும் சின்ன டப்பாவை மாற்றினார். கடைசியில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து லைன் நுழைகிற இடத்திலேயே மோடத்தை நேராகச் சொருகினார். விளக்கு கண்ணடிப்பதை நிறுத்தவில்லை. வீட்டுக்குள் குற்றமில்லை. எல்லாவற்றையும் பழையபடி மாட்டினார். டெஸ்ட் போனைக் காதில் வைத்தார்.

இரண்டு குட்டை. ஒரு நெட்டை.

“என்ன தம்பி, வேர்க்குது? ஃபேன் போடவா?”

“கோளாறு வெளியதான் மதினி,” என்றார். வழக்கமான அடுத்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. சுவரில் ஒச்சப்பனின் படம் மாலையோடு பார்த்துக்கொண்டிருந்ததால், எச்சிலோடு விழுங்கிக்கொண்டார்.

வீட்டிலிருந்து பாலம் வரை ஐந்து பெட்டிகள். முதல் கம்பத்தில் ஏறித் திறந்தார். இடதுகை முறுக்கு. வெற்றி என்று மனசு துள்ளியது. உள்ளே பார்த்தால் செம்பு நேற்றுத் துலக்கிய குத்துவிளக்கு மாதிரி மின்னியது. களிம்பு காயக்கூட இல்லை. இரண்டாவது, தென்னந்தோப்புக்குள். இடதுகை. பளபளப்பு. மூன்றாவது, கிணற்று மேட்டில். அதுவும் அப்படியே. நான்காவதைத் திறக்கும்போது மரியசெல்வம், செம்பில் துளிப் பாசியாவது இருக்க வேண்டும் என்று அந்தோணியாரையே வேண்டிக்கொண்டார். அந்தோணியார் அன்று வேறு வேலையாக இருந்தார்.

ஒவ்வொரு கம்பத்திலும் டெஸ்ட் போனை மாட்டிப் பார்த்தார். வீட்டுக்குள் காதோரம் கேட்ட இருமல், பாலத்தை நெருங்க நெருங்க நெஞ்சோரம் கேட்டது. நான்காவது கம்பத்தில் யாரோ அவர் தோளில் முகத்தை வைத்து இருமுவது போலிருந்தது. திரும்பிப் பார்த்தார். ஒரு கொக்கு.

மீதி ஒன்றே ஒன்று. பாலத்துப் பெட்டி. எட்டு வருடத்துக்கு முன் திறக்காமல் விட்ட அதே பெட்டி. அன்று இழுத்த மாற்றுக்கம்பி ரோடு தோண்டியதில் போய்விட, போன வருடம் யாரோ கான்ட்ராக்ட் ஆள் பெட்டியைத் திறக்காமலே பழைய கம்பியை மறுபடி கீர்த்தனா வீட்டு லைனோடு சேர்த்துவிட்டிருந்தான்.

நாட்டின் தகவல் தொடர்பு வரலாற்றில் ஒரு பெட்டியைத் திறக்காமலிருக்க இத்தனை உழைப்பை யாரும் செலவழித்திருக்க மாட்டார்கள். பெட்டியில் குளவி இருக்கும் என்றார். குளவி இல்லை. வெயில் இறங்கட்டும் என்றார். சாப்பிடப் போனார். தாடிக்கொம்பில் டீ குடித்தார். ஆபீஸுக்குப் போன் போட்டு அங்கே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விசாரித்தார். சரியாக இருந்தது. திரும்பி வந்து நான்கு நல்ல ஜாயிண்ட்களையும் இரண்டாம் தடவை பிரித்து மூடினார்.

இரண்டே கால் மணிக்குச் செல்போன் அடித்தது.

“சித்தப்பா, எங்க இருக்கீக? இன்னும் முக்கா மணி நேரந்தான்.” குரலில் காலையில் இருந்த கிண்டல் இல்லை. “ஆகாதுன்னா சொல்லிருங்க. நான் அவங்களுக்கு இப்பவே மெயில் போட்டுர்றேன். காத்திருந்து அசிங்கப்படுறதுக்கு அது தேவல.”

“போடாத தாயி. செத்த நேரம் பொறு.”

ஏணியைப் பாலத்துக் கம்பத்தில் சாத்தினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு ‘அருள்நிறை மரியே’ செபம். மூடி துருவோடு முரண்டு பிடித்து, கடைசியில் ஒரு பெருமூச்சோடு திறந்தது.

உள்ளே களிம்பு இல்லை. உறை இல்லை. பரோட்டாக் கடையில் சால்னா கட்டிக் கொடுக்கிற பாலித்தீன் கவர் ஒன்று கம்பியைச் சுற்றியிருந்தது, மேலே கறுப்பு டேப். உறை தீர்ந்துபோன ஒரு சாயங்காலம், நாளைக்கு வந்து ஒழுங்காப் போட்டுக்கலாம் என்று யாரோ அவசரமாகச் சுற்றியது. எண்ணெய் வாசத்துக்கு எறும்புகள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தன. கவரைக் கிழித்தார். பச்சையாகப் பாசி பூத்த செம்பு. காற்றடித்தால் கம்பி லேசாக உரசியது. அந்த உரசல் ஒவ்வொன்றும் டெஸ்ட் போனில் இரண்டு குட்டையாகவும் ஒரு நெட்டையாகவும் விழுந்தது.

முறுக்கு வலப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

மரியசெல்வம் கொஞ்ச நேரம் எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பாசி பிடித்த துண்டை வெட்டி எறிந்தார். செம்பைச் சுரண்டினார். முறுக்கினார். களிம்பை விரல் வழிய வழிய அடைத்தார். உறையைப் போட்டு மூடும்போது மணி மூணாக எட்டு நிமிஷம் இருந்தது.

டெஸ்ட் போனை மாட்டி வீட்டு லைனுக்குப் போட்டார். கீர்த்தனா எடுத்தாள்.

“சித்தப்பா! லைட்டு நின்னு எரியுது! ஸ்பீடு மூணு மடங்கு வருது. இருங்க, அம்மாட்ட குடுக்கிறேன், நான் டெஸ்ட்டுக்கு உக்காரணும்.”

ரிசீவர் கை மாறியது. மரியசெல்வம் இருமலுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. இரைச்சலும் இல்லை. அந்தப் பக்கம் கௌசல்யாவின் கண்ணாடி வளையல் ரிசீவரில் பட்டது கேட்டது; அவள் மூச்சு கேட்டது.

“சரியாயிருச்சு தம்பி. எங்க கோளாறாம்?”

“பாலத்துப் பெட்டில மதினி.”

அந்தப் பெட்டியின் பெயர் அந்த வீட்டில் ஊர்ப்பெயர் மாதிரி தெரிந்த பெயர்.

“அது யாரு போட்ட ஜாயிண்ட்டு தம்பி?”

காது கேட்கவில்லை, லைன் சரியில்லை, அப்புறம் பேசுறேன் என்று சொல்லித் தப்பித்த அழைப்புகள் அவருடைய உத்தியோக வாழ்க்கையில் எத்தனையோ. இந்த லைனில் அதைச் சொல்ல வழியில்லை. அவர் எச்சில் விழுங்கியதுகூட அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

“நான் போட்டது மதினி,” என்றார் மரியசெல்வம்.