திருடன் தப்பிய மதியம்

தங்கையின் சோதனை மேஜைக்குக் கீழே சிவப்புப் பெயின்ட் அடித்த வாட்டர் ஹீட்டர் ஒன்று எப்போதும் இருக்கும். வேண்டுமென்றே கெடுத்து வைத்தது, உள்ளே மின்கசிவு. தொழிற்சாலையில் அதற்குப் பெயர் திருடன். காலையில் வேலை தொடங்கும்போதும், சாப்பிட்டு வந்ததும், தங்கை முதலில் திருடனைத்தான் சோதனைக் கருவியில் மாட்டுவாள். கருவி அலறினால் அதை நம்பலாம். அதன் பிறகுதான் மற்ற ஹீட்டர்கள்.

பத்தடி தள்ளி, பெட்டி கட்டும் இடத்தில் அக்கா. எட்டாம் வகுப்போடு நின்றவள். டிப்ளமோ முடித்துத் தங்கை அந்த மேஜையில் உட்கார்ந்த நாளிலிருந்து, அங்கே பச்சை விளக்கு எரியும்போதெல்லாம் தன் வீட்டில் விளக்கேற்றியது போல் இருக்கும் அக்காவுக்கு. டேப் ஒட்டுமுன் ஒவ்வொரு ஹீட்டரின் எண்ணையும் நோட்டில் எழுதுவாள். டீ வேளைக்கு ஒரு கோடு, சாப்பாட்டுக்கு இரண்டு கோடு.

"பிறந்த நேரமும் எழுதிடு!" என்று பக்கத்தில் இருப்பவர்கள் கிண்டலடிப்பார்கள்.

அன்று மதியம் திருடனை மாட்டினாள் தங்கை. கருவி அலறவில்லை. பச்சை விளக்கு சாதுவாக எரிந்தது.

மறுபடி மாட்டினாள். மறுபடியும் பச்சை. அக்காவின் கை டேப்போடு நின்றுவிட்டது.

தங்கை குனிந்து கருவியின் எர்த் ஒயரைத் தடவிப் பார்த்தாள். மேஜைக் காலுக்கு அடியில் அது நசுங்கிக் கிடந்தது. மேலுறை முழுசாக இருந்தது. உள்ளே கம்பி அறுந்திருந்தது; கசிவு இருந்தாலும் கருவிக்குத் தெரிய வழியில்லை.

அவள் நேரே சூப்பர்வைசரிடம் போனாள். "சார், தப்பு என்னோடது. டீ குடிச்சிட்டு வந்து, ஃபேன் பக்கமா மேஜையை இழுத்தேன். கால் ஒயர் மேல ஏறிடுச்சு. அதுக்கப்புறம் நான் பாஸ் போட்டது எதையும் நம்ப முடியாது."

"காலைல திருடன் மாட்டினான்ல? அப்புறம் என்னம்மா? மூணு மணிக்கு லாரி கிளம்பணும்."

"குளிக்கிற இடத்துல மாட்டுற சாமான் சார். ஈரக் கையோட தொடுவாங்க."

"முந்நூறு பெட்டி ஏத்தியாச்சு! எது டீக்கு முன்னாடி, எது பின்னாடின்னு யாருக்குத் தெரியும்?"

தங்கையின் வேலை போனாலும் போகலாம். ஆனாலும் அக்காவின் கால்கள் தாமாக நடந்தன. நோட்டை விரித்து நீட்டினாள்.

"எனக்குத் தெரியும் சார். இந்தக் கோட்டுக்குக் கீழ நூத்திப் பன்னெண்டு. அதை மட்டும் இறக்கினா போதும்."

சூப்பர்வைசர் நோட்டைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், வாசலில் நின்ற லாரியைப் பார்த்தார். "இறக்குங்க" என்றார்.

"ஏத்துறதும் இறக்குறதும்! நான் என்ன ஊஞ்சலா ஆடுறேன்?" என்று லாரி டிரைவர் முனகிக்கொண்டே கதவைத் திறந்தார்.

தங்கை ஒயரை மாற்றித் திருடனை மாட்டினாள். கருவி காது கிழிய அலறியது. அந்தச் சத்தம் அக்காவுக்கு அவ்வளவு இனிமையாக என்றுமே கேட்டதில்லை. அதன்பின் அக்கா பெட்டியைப் பிரிக்க, தங்கை சோதிக்க, அக்கா மறுபடி ஒட்ட, நோட்டில் ஒவ்வொரு எண்ணாக டிக் விழுந்தது. அறுபது, எழுபது, எண்பது... எல்லாம் பச்சை. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டார்.

எண்பத்தேழாவதை மாட்டியதும் கருவி அலறியது.

மூடியைக் கழற்றினார்கள். திருகாணி ஒன்று ஒயரைக் கடித்துக்கொண்டிருந்தது. டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "திருடனுக்குத் தம்பி பொறந்திருக்கான்டோய்!"

எல்லாரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "நல்லவேளைம்மா. என் வீட்டுலயும் இதே ஹீட்டர்தான்" என்றார்.

லாரி ஐந்தரைக்குக் கிளம்பியது. அக்கா நோட்டில் அந்த ஒரு எண்ணை மட்டும் ஸ்கேல் வைத்து அடித்தாள். தங்கை சாக்பீஸை எடுத்து, மேஜையின் நான்கு கால்களைச் சுற்றியும் தரையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வேர்த்தா என்னடி பண்ணுவே?" என்றாள் அக்கா.

"ஃபேனை இழுப்பேன்."