முந்திரிகை என்று நினைத்தேன்

கொலஸ்ட்ரோலுக்குக் குளிசை எழுதித் தந்த டொக்டர், "இவருக்குக் கிரேப்ஃப்ரூட் குடுக்காதேங்கோ" என்றார். "ஓம்" என்று தலையாட்டினேன். கிரேப்ஸ் என்றால் முந்திரிகைதானே என்று நினைத்து, என் கணவருக்குப் பிடித்த முந்திரிகைப்பழத்தை நிறுத்தினேன். பதிலாக, நாரந்தனையில் எங்கள் வளவில் காய்த்த பம்பளிமாசை, உடம்புக்கு நல்லதென்று நாள்தோறும் உரித்துக் கொடுத்தேன்.

"காலெல்லாம் உளையுதப்பா" என்றார்.

"வயசு போனால் உளையும்தானே" என்றேன்.

சிறுநீர் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "கிரேப்ஃப்ரூட் முந்திரிகை இல்லையம்மா, பம்பளிமாசின்ர இனம். ரெண்டும் இந்தக் குளிசையோட கூடாது, தசை கரைஞ்சு சிறுநீரகத்தை அடைச்சிடும்" என்றார் அங்கிருந்த டொக்டர். சிறுநீரகம் செயலிழந்து, ஐந்தாம் நாள் அவர் போய்விட்டார்.

இப்போது எந்த மருந்து வாங்கினாலும், கூடாத பழத்தின் படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கிறேன். திவசத்துக்கு ஒரு குலை முந்திரிகை படைத்தேன். உயிரோடு இருந்தபோது அவர் கேட்கக் கேட்க நான் மறுத்த பழம்.