இடக்கையால் நூற்ற நூல்

“ஏத்தா முத்தழகு, சர்க்கார் போட்ட மார்க்கை நாம போயி ஏன்னு கேக்கலாமா? கேட்டா என்னமும் செஞ்சிருவாகளா?”

1957-ஆம் வருஷம் கோடையில் எங்கள் அய்யா என்னிடம் இப்படிக் கேட்டார். கமுதியில் பள்ளி இறுதி வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு அப்போதுதான் ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் வீட்டில் அதிகம் படித்தவள் நான்தான். ஆனால் பரீட்சை எழுதத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். போட்ட மார்க்கு தப்பென்றால் யாரிடம் போவது, எப்படிக் கேட்பது என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை.

மார்க்கு என்னுடையது இல்லை. என் அக்கா இராமலட்சுமியுடையது. அவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு அபிராமத்துக்குப் பக்கத்தில் சின்னக் கிராமம். அய்யா சோணைமுத்து மானாவாரியில் பருத்தியும் மிளகாயும் போடுகிறவர். அக்கா பிறவியிலேயே இடக்கைக்காரி. சோற்றில் இடது கையை வைத்தால் ஆத்தா கரண்டிக் காம்பால் மணிக்கட்டில் ஒன்று போடுவாள். கொஞ்ச நாள் அந்தக் கையைத் துணியால் இடுப்போடு சேர்த்துக் கட்டியும் வைத்திருந்தாளாம். அடி வாங்கி வாங்கி அக்கா வலக்கையால் சாப்பிடவும் எழுதவும் பழகிவிட்டாள். கையெழுத்தும் நன்றாகவே இருக்கும். ஆனால் யாரும் பார்க்காத நேரத்தில் கோலம் போடுவதும் ஊசி பிடிப்பதும் இடக்கைதான். பருத்தி எடுக்கப் போனால் இரண்டு கையும் ஒரே வேகத்தில் போகும். அப்போது மட்டும் யாரும் குறை சொன்னதில்லை.

அபிராமத்தில் எட்டாவது முடித்த பிறகு, மண்டபத்தில் கடலை ஒட்டியிருந்த பெண்கள் ஆதாரப் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்தது. இரண்டு வருஷம் படித்தால் வாத்தியாரம்மா ஆகலாம். அங்கே கணக்கு, தமிழ் போலவே நூற்பும் ஒரு பாடம். எல்லாரும் தக்ளி என்ற சின்னக் கைக்கதிரைச் சுழற்றி நூல் நூற்க வேண்டும். அதில் தேறாவிட்டால் மற்ற எல்லாவற்றிலும் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் சர்டிபிகேட் கிடையாது.

முதல் மூன்று மாதம் அக்காவுக்கு நூல் வரவேயில்லை. வலக்கையால் தக்ளியைச் சுழற்றுவாள், இழை அறுந்து தக்ளி தரையில் விழும். மற்றப் பெண்கள், “இராமலட்சுமி நூக்கலடி, தேங்காய் உடைக்கிறா” என்று சிரிப்பார்களாம். நூற்பு ஆசிரியை லத்தீபா டீச்சர் தொண்டிக்காரர். ஒரு நாள் ஆள் இல்லாத கூடத்தில் அக்கா இடக்கையால் தக்ளியைச் சுழற்றுவதை அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டார். அக்கா சட்டென்று கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“ஏம்மா ஒளிக்கிறே? அல்லா குடுத்த கைதானே அதுவும்? எந்தக் கைக்கு நூல் வருதோ அந்தக் கையால நூலு” என்றார் டீச்சர்.

அதற்குப் பிறகு அக்காவின் நூலைப் போல அந்தப் பள்ளியில் இன்னொரு நூல் இல்லை. நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு விடுமுறையில் அவள் நூற்றுச் சுற்றிக் கொண்டுவந்த நூல் சிட்டத்தை நானே கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் காட்டுப் பருத்தியை ஒரு மொத்தை இல்லாமல், தலைமுடி போல ஒரே சீராக இழுத்திருந்தாள்.

கடைசிப் பரீட்சைக்கு வெளியிலிருந்து சேதுராமன் என்ற அதிகாரி வந்தார். கண்டிப்பானவர் என்று பேர். முந்தின வருஷம் வேறொரு பள்ளியில், இடது கையால் பேப்பரை நீட்டிய ஒரு பெண்ணை எல்லார் முன்னாலும் அவர் திட்டியிருந்தார். அதைக் கேள்விப்பட்டிருந்த லத்தீபா டீச்சர் பயந்துபோய் அக்காவைக் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்தார். அக்காவும் முந்தானையைக் கையின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். அதிகாரி நடந்து வந்தபோதெல்லாம் தக்ளியை மடியில் வைத்துவிட்டுப் பஞ்சைப் பிரிப்பதுபோல் இருந்தாள். பெரியவர்கள் முன்னால் இடக்கையைக் காட்டக் கூடாது என்பது இருவருக்கும் அவ்வளவு ஊறிப்போயிருந்தது. எல்லா வினையும் அங்கேதான் தொடங்கியது.

மார்க்கு வந்தபோது மற்றப் பாடங்களில் எல்லாம் எழுபதுக்கு மேல். நூற்பில் இருபத்தெட்டு. தேறுவதற்கு நாற்பது வேண்டும். பக்கத்தில் ‘முறுக்குப் போதாது’ என்று எழுதியிருந்தது.

அந்த ஜூனில் எங்கள் ஊரில் முதல் முதலாக ஒரு பள்ளிக்கூடம் திறப்பதாக இருந்தது. சர்டிபிகேட்டைக் கொண்டுவந்தால் வேலை அக்காவுக்குத்தான் என்று பேசி முடித்திருந்தார்கள். இல்லையென்றால் வெளியூரிலிருந்து வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அக்கா மறுபடியும் பருத்திக் காட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மறுநாள் காலையில் துணியைப் பையில் மடித்து வைத்துக்கொண்டே, “மண்டபம் போறேன். என்ன கொறன்னு கேட்டுட்டு வாரேன்” என்றாள்.

“கேட்டுக் கிழிக்கப் போறா!” என்றாள் ஆத்தா. “அங்கன போயி இந்தக் கைதான் நூத்துச்சுன்னு நீட்டப் போறியா? பீச்சாங்கைக்காரின்னு ஊரு பூராத் தெரிஞ்சா உன்னை எவன்டி கட்டுவான்?”

“தெரியாமக் கட்டுறவன் தெரிஞ்சதும் விட்டுட்டுப் போறதுக்கு, தெரிஞ்சே கட்டட்டும்” என்றாள் அக்கா.

அப்போதுதான் அய்யா என்னைத் தனியே கூப்பிட்டு, நான் முதலில் எழுதிய கேள்வியைக் கேட்டார். பிறகு அவரே, “சரி, நானும் வாரேன். நீயும் கெளம்பு” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பரமக்குடியில் ரயிலேறி மண்டபத்தில் இறங்கினோம். எனக்குக் கடலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆனாலும் நின்று பார்க்க அக்கா விடவில்லை. விறுவிறுவென்று மணலில் நடந்து போய்விட்டாள்.

அன்றைக்கு வேறொரு வகுப்புப் பெண்களுக்குப் பரீட்சை நடத்த அதிகாரி சேதுராமன் வந்திருந்தார். கடல் காற்றுக்கு ஜன்னல்களை அடைத்திருந்த கூடத்தில் பெண்கள் தக்ளியோடு உட்கார்ந்திருந்தார்கள். லத்தீபா டீச்சர் அக்காவைப் பார்த்ததும் ஓடி வந்தார். மார்க்கைக் கேட்டதும், “யா அல்லாஹ், இருபத்தெட்டா? உனக்கா?” என்று வாயில் கையை வைத்துக்கொண்டார். பீரோவில் இருந்த அக்காவின் சிட்டத்தை எடுத்துக்கொண்டு அவரே எங்களை அதிகாரியின் மேஜைக்கு அழைத்துப் போனார்.

அதிகாரி எங்களை விரட்டவில்லை. மார்க்கைப் பற்றிக் கேட்க ஒரு பெண் வந்து நிற்பது அவருக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும்.

“வேணும்னு யாருக்கும் நான் மார்க்கைக் குறைக்கிறதில்லை. நீங்களே பாருங்க” என்றார். சிட்டத்திலிருந்து ஒரு முழம் இழையை நறுக்கி, ஒரு நுனியை இடது கையில் பிடித்துக்கொண்டு, மறு நுனியை வலது கைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் திரும்பத் திரும்பத் திரித்து இழுத்தார். நல்ல நூலாக இருந்தால் திரிக்கத் திரிக்க இறுக வேண்டும். இது நெகிழ்ந்து, பஞ்சாகப் பிரிந்து அவர் கையோடு வந்துவிட்டது. இன்னொரு இழையை எடுத்தார். அதுவும் அப்படியே.

“பாத்தீங்களா பெரியவரே? இது நூலா, பஞ்சா?” என்று அய்யாவிடம் கேட்டார்.

அய்யா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா மட்டும் அதிகாரியின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டென்று அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். ஆனால் அவள் முதலில் லத்தீபா டீச்சரைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால், அவளை ஒளித்து உட்கார வைத்த டீச்சருக்கும் அல்லவா கெட்ட பேர் வரும்?

டீச்சர் மெதுவாகச் சொன்னார்: “என்னைப் பாக்காதேம்மா. சொல்லு.”

“அய்யா, அதே நூலை எதிர்ப்பக்கமாத் திரிச்சு இழுங்க” என்று அதிகாரியிடம் சொன்னாள் அக்கா.

“எதுக்கு?”

“வலக்கையால நூக்குறவங்க நூல் ஒரு பக்கமா முறுக்கிக்கிரும். என் நூல் அதுக்கு மாத்தி முறுக்கியிருக்கு. நான் இடக்கையால நூத்தேன். நீங்க திரிக்கத் திரிக்க, நான் போட்ட முறுக்கு அவுந்துபோகுது.”

கூடத்தில் தக்ளிச் சத்தம் நின்றுவிட்டது. “பீச்சாங்கையிலயாம்டி” என்று யாரோ கிசுகிசுத்ததும் சிரிப்பு எழுந்ததும் காதில் விழுந்தன.

அதிகாரியின் முகம் சிவந்தது. “பரீட்சையில இடக்கையா? நான் பாக்கலியே!”

“நான்தான் தூணுக்குப் பின்னால உக்கார வச்சேன் சார்” என்றார் லத்தீபா டீச்சர். “நீங்க திட்டுவீங்கன்னு பயந்துட்டேன். தப்பு என் மேலதான்.”

“கையை ஒளிச்சது நான்யா” என்றாள் அக்கா. “எழுதுறது வலக்கை, நூக்குறது இடக்கை. ரெண்டும் என் கைதான்.”

அதிகாரி ஒரு புது இழையை நறுக்கினார். அவர் விரல் பழக்கத்தில் பழைய பக்கமே போனது. நிறுத்தி, எதிர்ப்பக்கமாகத் திரித்தார். நூல் கம்பிபோல் விறைத்து நின்றது. இழுத்தார். அறவில்லை. விரலில் சுற்றிக்கொண்டு வெடுக்கென்று இழுத்தார். விரலில் சிவப்பாகக் கோடு விழுந்ததுதான் மிச்சம்.

ஆனாலும் அவர் அதிகாரியாயிற்றே. “இந்தச் சிட்டம் நீ நூத்ததுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ நூத்ததை நான் கண்ணால பாக்கலை” என்றார்.

அது நியாயமான கேள்விதான். ஒளித்து நூற்றால் இதையும் கேட்கத்தானே செய்வார்கள்?

“இப்பப் பாருங்க” என்றாள் அக்கா. முன் வரிசையில் இருந்த பெண்ணிடம் தக்ளியும் பஞ்சும் வாங்கிக்கொண்டு, அவர் மேஜைக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். இடது கையைத் தோள் வரைக்கும் எல்லாரும் பார்க்கலாம்.

தக்ளி சுழன்றது. இழை இறங்கியது, சுற்றினாள், மறுபடியும் இறங்கியது. ஒரு தடவைகூட அறவில்லை. சிரித்த பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். அய்யா என்ன செய்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் தலை நிமிர்ந்திருந்தது. பக்கத்தில் இருந்த பியூனிடம், “நம்ம மகதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதிகாரி அந்த நூலை எதிர்ப்பக்கமாகத் திரித்துப் பார்த்தார், எடைக்கல் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்து மொத்தை இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

“எழுதின மார்க்கை அடிச்சுத் திருத்த எனக்கு அதிகாரமில்லை. மறுசோதனைன்னு எழுதி மேல அனுப்புறேன். எழுபத்திரண்டு போடுறேன். எண்பது போடலாம். ஆனா மத்த நூலோட சேத்துத் தறியில போட்டா இது ஒத்துப்போகாது. அதுக்குக் குறைக்கிறேன். சம்மதமா?”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எண்பதுக்குச் சண்டை போட வாயைத் திறந்தேன். அக்கா என் தொடையில் நறுக்கென்று கிள்ளிவிட்டு, “சம்மதம்யா. அது நெசமான கொறை” என்றாள்.

வெளியே வந்ததும், “எட்டு மார்க்கை விட்டுட்டியேக்கா” என்றேன்.

“ஏலா, இல்லாத கொறைக்குத்தான் சண்டைக்கு வந்தேன். உள்ள கொறைக்கு எதுக்கு?” என்றாள்.

ஜூன் பிறப்பதற்குள் சர்டிபிகேட் வந்துவிட்டது. இப்போது ஒரு வருஷமாக எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அவளிடம்தான் படிக்கிறார்கள். ஆத்தா பயந்தபடி ஊருக்கெல்லாம் தெரிந்தும் போயிற்று. கூப்பிடுகிறவர்கள் வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அபிராமம் சந்தையில் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்கிறார்கள். சோணைமுத்து மகள் அதிகாரி காலில் விழுந்து அழுதாளாம், அவர் மனமிரங்கி மார்க்குப் போட்டாராம். நான் கூடவே நின்றவள். அவள் அழவும் இல்லை, யாரும் இரங்கவும் இல்லை. அவள் நூற்ற நூலுக்குரிய மார்க்கைத்தான் அவள் வாங்கி வந்தாள். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து இன்னும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். சொல்லும்போது நடந்தபடியே சொல்லுங்கள்.