வெயில் எடுத்துக்கொண்ட மஞ்சள்

தொண்ணூறுகளின் நடுவில் நான் வேலை பார்த்த அலுவலகம் தி. நகரில், பாண்டி பஜாரிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வளைகுடாவில் தொழிலாளர் குடியிருப்புகளுக்குச் சாப்பாடு போடும் ஒரு நிறுவனத்துக்கு இங்கிருந்து சமையல்காரர்களை அனுப்புவது எங்கள் வேலை. ஆள் எடுப்பது முதலாளியின் பொறுப்பு, காகிதம் என் பொறுப்பு. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, ஒப்பந்தம், விசா, கடைசியில் குடிபெயர்வோர் அலுவலகத்தின் முத்திரை. எந்த அலுவலகம் எதை முதலில் கேட்குமோ அந்த வரிசையிலேயே ஒவ்வொருவருடைய கோப்பையும் அடுக்கிவைப்பேன். கீழே கடையில் எவர்சில்வர் அடுக்குகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் நாள் முழுவதும் வரும். மத்தியான வேளையில் அது தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருக்கும்.

விசா குத்துவதற்காக பாஸ்போர்ட்டுகள் பம்பாய்க்குப் போகும். அங்கே எங்கள் ஏஜெண்ட் அவற்றைத் தூதரகத்தில் கொடுத்து வாங்கி, கூரியரில் திருப்பி அனுப்புவார். ஒரு முறை வந்த கட்டில் ஒரு பாஸ்போர்ட்டில் மட்டும் விசா இல்லை. அதோடு ஒரு துண்டுச் சீட்டு. பக்கத்தில் கறை இருக்கிறது, கவுண்டரில் வாங்க மறுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். விசா குத்த வேண்டிய முதல் பக்கத்தின் மேல் மூலையில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, மஞ்சள்.

யாருடையது என்று பார்க்க வேண்டியிருக்கவில்லை. பட்டினப்பாக்கத்துக்காரர், மயிலாப்பூரில் ஒரு மெஸ்ஸில் மீன் குழம்பு வைப்பவர். அந்தக் குழம்பைச் சாப்பிட்டுப் பார்த்த முதலாளி மறு பேச்சில்லாமல் அவரைச் சேர்த்திருந்தார். பம்பாய்க்கு அனுப்புவதற்கு முந்தின சாயங்காலம், வீட்டில் சாமி படத்தின் முன் வைத்து எடுத்து வருகிறேன் என்று பாஸ்போர்ட்டை வாங்கிப் போனார். பலரும் அப்படிக் கேட்பார்கள். மறுநாள் காலையில் அவர் திருப்பித் தந்ததை நான் பிரித்துப் பார்க்காமலே கட்டில் சேர்த்திருந்தேன்.

சொல்லியனுப்பியதும் மறுநாளே மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் பட்டினப்பாக்கத்தில் மீன் கடை போடுபவர். காலை வியாபாரத்தை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார்.

"இன்னா மேடம், விசா வந்துட்ச்சா?"

பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அவர் மனைவியைப் பார்த்தார்.

"மீனுக்குத் தடவறா மாதிரி தடவிக்கீறா பாருங்க மேடம். நல்லவேள, மொளகாத்தூள் போடல."

"நீ சும்மா இரு. புதுத்துணிக்கு வெக்கிறதில்லியா? அப்பிடித்தான் வெச்சேன். ஒரு பொட்டுதான் யக்கா. ஈரமா இருந்ததால பரவிட்ச்சு."

"பொட்டா இது? கல்யாணப் பத்திரிக கணக்கா கீது. பம்பாய்க்காரன் மொய் எழுதுவான்னு பார்த்தியா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். புது பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டால் வருவதற்கு மாதங்கள் ஆகும். விசா குத்திக்கொள்ளக் கொடுத்திருக்கும் கெடு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நாற்பத்தைந்து தாண்டியவர்களை அந்த நிறுவனம் எடுப்பதில்லை.

"அடுத்த பேட்ச் போவறதுக்குள்ள எனக்கு வயசு தாண்டிடும்" என்றார் அவர். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதுவரை அவர் என் முன்னால் உட்கார்ந்ததே இல்லை.

அழிரப்பரால் தேய்த்தால் காகிதம் நைந்துவிடும். அப்புறம் அதைத் திருத்தியது என்பார்கள். சோப்பு பட்டால் மஞ்சள் சிவந்துவிடும். மீதியிருந்தது ஒரே வழிதான். மஞ்சள் பட்ட ரவிக்கையை நல்ல வெயிலில் உலர்த்தினால் என்ன ஆகும் என்பது துணி துவைக்கும் எல்லோருக்கும் தெரியும். மாடியில் வெயிலில் வைக்கலாம் என்றேன்.

அந்த அம்மாள் பாஸ்போர்ட்டைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வெச்ச மஞ்சள அழிக்கக் கூடாதுக்கா. கடல் தாண்டிப் போறவரு. எங்க பக்கம் புதுசா கட்டுமரம் எறக்குனா மஞ்சள் வெச்சுதான் எறக்குவோம். அத ஒருத்தரும் தொடைக்க மாட்டாங்க."

"அப்புறம் அந்த மஞ்சள் எப்படிம்மா போகும்?"

"தானாப் போவும். தண்ணி எடுத்துக்கும், வெயில் எடுத்துக்கும்."

சொல்லிவிட்டு நிறுத்தினார். கீழே கடையில் யாரோ ஒரு குடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப இதையும் வெயிலே எடுத்துக்கட்டும்" என்றேன்.

"நாம அழிக்கல. சூரியனுக்குக் குட்த்துட்டோம்னு வெச்சுக்கோ" என்றார் அவர், மனைவியிடம். அந்த அம்மாள் பாஸ்போர்ட்டை மேஜைமேல் வைத்தார்.

மத்தியானச் சமையலுக்காக அவர் மெஸ்ஸுக்குப் போய்விட்டார். ஒரு அட்டையில் மஞ்சள் அளவுக்கு மட்டும் ஓட்டை வெட்டி அந்தப் பக்கத்தின் மேல் வைத்தேன். மற்றப் பக்கங்களைக் கறுப்புத் தாளால் மூடி, நான்கு பக்கமும் கனம் வைத்தேன். இன்னொருவருடைய பாஸ்போர்ட்டை மொட்டைமாடியில் தனியாக விட்டுவிட்டு வர முடியாது. கோப்புகளை மேலே எடுத்துப்போய், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்துகொண்டேன். அந்த அம்மாளும் வந்து, காக்கையை விரட்ட ஒரு குச்சியோடு பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்தப் பகல் எனக்கு இன்றுவரை முடியாதது போலவே இருக்கிறது. தரை வெள்ளையாகத் தகித்தது. பக்கத்து மாடியில் உலர்ந்த நீலப் புடவை ஒன்று மூச்சுவிடுவதுபோல உப்பி, அடங்கி, மறுபடி உப்பியது. பஸ்களின் ஓசை எங்கோ வேறு ஊரிலிருந்து வந்தது. அட்டையின் ஓட்டையில் அந்த மஞ்சள், பார்க்கும்போது அசையாமலும், கண்ணை எடுத்துத் திரும்புவதற்குள் ஒரு படி வெளுத்தும் இருந்தது.

"போனா எப்பக்கா வருவாரு?"

"ரெண்டு வருஷம் ஒப்பந்தம். அப்புறம் லீவு குடுப்பாங்க."

"ரெண்டு வருசம்." குச்சியால் தரையில் ஏதோ கோடு இழுத்தார். "மஞ்சள் போவாம இருந்தா நல்லாருக்கும்னு ஒரு மனசு கீதுக்கா. பொண்ணுங்களப் பார்த்தா, போனாதான் நல்லதுன்னு இன்னொரு மனசு. அவராண்ட சொல்லிடாத."

சொல்ல மாட்டேன் என்றேன். பிறகு கடற்காற்று புறப்பட்டது. காகிதத்தில் எழுத்துகள் மிதக்க ஆரம்பித்தன. தொட்டியில் தலையைச் சாய்த்தது நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது தொட்டியின் நிழல் வெகுதூரம் நீண்டிருந்தது. பாஸ்போர்ட் வைத்திருந்த இடம் முழுக்க நிழல். பதறி எழுந்தேன். பாஸ்போர்ட் அங்கே இல்லை. மாடியின் அந்தக் கோடியில், மிச்சமிருந்த ஒரு முழ வெயிலில் அது விரிந்திருந்தது. அட்டையும் கறுப்புத் தாளும் நான் வைத்த மாதிரியே இருந்தன. பக்கத்தில் அந்த அம்மாள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலிலேயே குந்தியிருந்தார்.

"நெழல் வந்துட்ச்சு. நீ அசந்து தூங்கினியா, நானே தூக்கியாந்துட்டேன்" என்றார், என்னைப் பார்க்காமல்.

நிழலிலேயே விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மறுநாளும் ஒரு வெயில் காட்டினோம். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால்கூடக் காகிதம் காகிதமாகத்தான் இருந்தது. பம்பாய்க்கு அனுப்பிவிட்டுக் கூரியருக்காகக் காத்திருந்தோம். கெடு முடிவதற்கு முன்பே அது வந்துவிட்டது. விசாவை அதே பக்கத்தில்தான் குத்தியிருந்தார்கள்.

வாங்கிப்போக இருவரும் வந்தார்கள். நான் நீட்டியதும் அந்த அம்மாள் முதலில் இரண்டு கைகளையும் முந்தானையில் அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

"ஈரம் இல்லியே? பாத்துக்கோ" என்றார் அவர்.

"உன் வேலையப் பாரு."

பக்கத்தைத் திருப்பி, விசாவைப் பார்க்காமல், மேல் மூலையை மட்டும் பார்த்தார். ஆள்காட்டி விரலை அங்கே வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"ஒண்ணுமே தெரியலக்கா."

"வெயில் எடுத்துக்கிச்சு" என்றேன்.

தலையை ஆட்டினார். பாஸ்போர்ட்டை மூடி, வலது கையால் கணவரிடம் கொடுத்தார். அவர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்து, பித்தான் போட்டுக்கொண்டார். இருவரும் படி இறங்கும்போது, இன்றைக்கு மெஸ்ஸுக்கு என்ன மீன் என்று அவர் கேட்டதும், சங்கரா என்று அந்த அம்மாள் சொன்னதும் மேலே கேட்டது.