ரேகா கேட்ட நாரை டிசைன்

பெருநகர் கிராமத்துப் பக்கம் கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டுக்கு ஆரிப் பூத்தையல் வேலை என்றால் வளர்மதி வீட்டுக்குத்தான் வருவார்கள். சட்டக் கட்டையில் துணியை இழுத்துக் கட்டி உட்கார்ந்தாளானால் அடுப்பில் சோறு அடிப்பிடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள். அப்படியொரு பிடிவாதக்காரி. ஒன்றைச் சொல்லிவிட்டால் அதிலிருந்து அவளை இறக்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும் என்று புருஷன் வேதகிரியே ஊரெல்லாம் சொல்வான். லோடு ஆட்டோ ஓட்டுகிற சாது, பாவம்.

ஊசி பிடிக்கிற அந்தக் கைக்குப் பென்சில் மட்டும் வசப்படவில்லை. டிசைனெல்லாம் செங்கல்பட்டு பிரிஸ்கில்லாவிடம் வாங்குவதுதான். அந்தம்மா சொந்தமாக வரைகிறவர். தைத்து விற்றுக்கொள், வரைந்த ஷீட்டை மட்டும் யாருக்கும் கொடுக்காதே என்பது அவர் கண்டிஷன். முன்பு ஒருத்தி அவருடைய டிசைனை வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டாளாம். மாசக்கணக்கில் குனிந்து வரைந்தது நாலே நாளில் எல்லார் போனிலும் இருந்தது, காசு கொடுத்து வாங்க ஆளில்லை. அதைக் கேட்டதும் வளர்மதி கையில் அடித்துச் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவரிடம் கடைசியாக வாங்கியது நாரை டிசைன். முதுகு முழுக்க ஏரித் தண்ணீர், அதில் ரெண்டு நாரை. அதைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் மணவறையில் உட்கார்ந்ததுதான் தாமதம், பார்த்தவர்களுக்கெல்லாம் நாரைப் பைத்தியம் பிடித்துவிட்டது.

அந்த வாரமே சிநேகிதி சசிரேகா வந்தாள். வளர்மதிக்கு அவள் வெறும் ரேகா. உத்திரமேரூரில் புதிதாகத் தையல் கடை போட்டிருந்தாள். முதல் முதலாக ஒரு கல்யாண ஆர்டர் வந்திருக்கிறது, பெண்ணுடைய அம்மா அந்த நாரையேதான் வேண்டும், இல்லையென்றால் வேறு கடை பார்க்கிறோம் என்கிறாள் என்று சொல்லி மூச்சு வாங்கினாள். ஷீட்டைக் கொடு, அடியில் இன்னொரு பேப்பர் வைத்து, கோட்டின் மேலேயே ஊசியால் குத்தி நகல் எடுத்துக்கொள்கிறேன், அரை மணி வேலை என்றாள்.

வளர்மதி தான் பண்ணிய சத்தியத்தைச் சொன்னாள். அந்தம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். நானே தைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம், உன் கடைப் பேரிலேயே கொடு என்றும் சொல்லிப் பார்த்தாள். ரேகா முகம் சுண்டிப்போனது. என் கையால் தைக்கத்தானே கடை போட்டேன், உன் தயவில் பேர் வாங்கவா என்று கேட்டாள்.

"ஒம் பொண்ணுக்குப் பால் குடுத்தப்ப நான் யார்கிட்டயாவது கேட்டுக்கினா குடுத்தேன்?"

இத்தனை வருஷத்தில் ரேகா வாயிலிருந்து அது வந்ததேயில்லை. மகள் கீர்த்தி பிறந்த கையோடு ஜன்னி கண்டு வளர்மதி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். அப்போது தன் பிள்ளையை ஒரு பக்கமும் கீர்த்தியை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டு பால் கொடுத்தவள் ரேகா. கீர்த்தி இன்றைக்கும் அவளை ரேகாம்மா என்றுதான் கூப்பிடும். யாரும் யாருக்கும் செய்ய முடியாத உபகாரம் அது. அதைப் போய் ஒரு ஷீட்டுக்காக இவள் எடுத்துச் சொல்லலாமா? சொல்லிவிட்டாள். பசி அப்படி.

வளர்மதி எழுந்து போய் பீரோவைத் திறந்தாள். சுருட்டி வைத்திருந்த ஷீட்டைக் கொண்டுவந்து ரேகாவின் மடியில் வைத்தாள்.

"எடுத்துக்கினு போ. சத்தியத்த மீறிட்டேன், இனிமே எனக்கு டிசைன் குடுக்காதீங்கன்னு அந்தம்மாகிட்ட நானே சொல்லிடறேன். ஒம் பாலுக்கும் இதுக்கும் சரியாப் பூடுச்சு."

வாயை விட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கொட்டிய வார்த்தையை அள்ளவா முடியும்?

ரேகா மடியைக் குனிந்து பார்த்தபடியே இருந்தாள். கண்ணீர் விழுந்து ஷீட் நனைந்துவிடுமோ என்று அவசரமாக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு மடிப்பு விழாமல் அதைத் திரும்பச் சுருட்டிக் கட்டையின் மேல் வைத்தாள்.

"நான் கடனா குடுக்கலடி," என்றாள்.

வளர்மதி அவள் கையைப் பிடிக்கப் போனாள். ரேகா விலகிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். படியிறங்கப் போனவள் நின்று, திரும்பாமலேயே பேசினாள்.

"கீர்த்தி வந்தா, நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லாத. இன்னாத்துக்கு வந்தாங்கன்னு கேக்கும்."

பிரிஸ்கில்லாவுக்குக் கொடுத்த சத்தியம் கெடவில்லை. வளர்மதி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.