திருத்தம் கேட்காத மெத்தைக் கம்பெனி

அந்தக் குடியிருப்பில் அவளைப் படக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். மூன்றாம் மாடியில், துணி காயப்போடும் அறையின் ஜன்னலோரம் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு பதினேழு வருடமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் படம் வரைந்து கொடுக்கிறாள். சோப்பு உறை, பள்ளிப் புத்தகம், பற்பசைப் பெட்டி, எதுவானாலும் சரி. வந்தால் மூன்று வேலை ஒன்றாக வரும். வராவிட்டால் மூன்று மாதத்துக்குப் போன் வாய் திறக்காது.

அவள் கணவர் பஸ் ஓட்டுநர். மாதம் பிறந்தால் சம்பளம்.

"என்னோடது குழாய்த் தண்ணி. உன்னோடது மழை," என்பார்.

"குழாய்ல வர்றதும் மழைத் தண்ணிதாங்க," என்பாள்.

யாரும் சொல்லித் தராமல் அவளே கற்றுக்கொண்ட தொழில் பாடம் ஒன்று உண்டு. இரை வைப்பது. வேலை கொடுத்தவர் ஏதாவது ஒரு குறை சொல்லியே தீருவார். சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. சின்னக் குறை கண்ணில் படவில்லையென்றால் வானத்தை மாற்று, முகத்தைத் திருப்பு என்று அடிமடியில் கை வைத்துவிடுவார். அதனால் மாதிரி அனுப்பும்போது அவளே ஒரு தப்பை உள்ளே வைத்துவிடுவாள். பார்த்ததும் உறுத்த வேண்டும், பத்து நிமிடத்தில் திருத்த முடிய வேண்டும். பூனைக்கு இரண்டு வால், கடிகாரத்தில் ஆறாம் எண் இரண்டு இடத்தில், இப்படி. வந்தவர் அதைக் கவ்விக்கொண்டு பெருமையோடு போவார், மீதிப் படம் பிழைக்கும். பதினேழு வருடத்தில் எந்த மீனும் இரையை விட்டதில்லை.

மெத்தைக் கம்பெனி மேலாளர் விட்டார்.

காலண்டருக்குப் பன்னிரண்டு படம், பன்னிரண்டிலும் தூங்குகிற மனிதர்கள். இது பிடித்துப்போனால் அடுத்த வருடம் முழுக்கக் கம்பெனியின் படவேலை எல்லாம் அவளுக்கே என்று சொல்லியிருந்தார். மாதாமாதம் வரும் வேலை! அப்படி ஒரு வார்த்தையை அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. பன்னிரண்டு படத்துக்கும் பன்னிரண்டு இரை வைத்து அனுப்பினாள். மறுநாளே பதில் வந்தது: 'எல்லாம் அருமை. அப்படியே அச்சுக்குப் போகட்டும்.'

அன்று ராத்திரியே கணவரிடம் புலம்பினாள்.

"ஒரு திருத்தம்கூடச் சொல்லலைங்க."

"நல்லதுதானே?"

"நல்லதா? ஒண்ணு, படத்தையே பாக்கலை. இல்லேன்னா, இதைக் காட்டி வேற ஆளை வச்சு வரையப் போறாங்க. ஆடு நனையுதேன்னு அழற ஓநாய் மாதிரி அந்தாளு பேச்சும்!"

"திருத்தம் சொன்னா ராட்சசன்ங்கற. சொல்லலேன்னா திருடன்ங்கற. பாவம்மா அந்தாளு!"

சூடு கண்ட பூனைக்குச் சமாதானம் சொல்ல முடியுமா? மேலாளருக்கே போன் போட்டாள்.

"படத்தை நல்லாப் பாத்தீங்களா சார்?"

"ஒண்ணு விடாம பாத்தோம் மேடம்."

"எதையாவது மாத்தணுமா?"

"ஐயய்யோ, கையே வச்சிடாதீங்க!"

அந்த 'ஐயய்யோ'வில் என்ன உள்குத்து இருக்கிறது என்று இரண்டு நாள் யோசித்தாள். அப்படியே அச்சானால் இரட்டை வால் பூனை ஊரெல்லாம் ஒரு வருடம் தொங்கும். அத்தோடு அடுத்த வருட வேலையும் போகும். உண்மையைச் சொன்னாலோ, வேண்டுமென்றே தப்பு வைப்பவளை யார் நம்புவார்கள்? எப்படிப் பார்த்தாலும் போகிற வேலை, சொல்லிவிட்டே போகட்டும் என்று மூன்றாம் நாள் கிளம்பினாள். கணவர் ஓட்டும் பஸ் அந்த வழியாகத்தான் போகும்.

மேலாளர் அவளை நேராகத் தையல் கூடத்துக்கு அழைத்துப் போனார். மதிய இடைவேளை. இயந்திரங்கள் ஓய்ந்திருக்க, தையல்காரப் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரில் அவளுடைய பன்னிரண்டு படமும் வரிசையாக ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றிலும், துணியில் குறிபோடும் நீலச் சாக்பீஸால் வட்டம். பூனை வாலில் ஒன்று. கடிகாரத்தில் ஒன்று.

மாட்டிக்கொண்டாயிற்று. அவர் வாய் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"சார், அதெல்லாம் நானே வேணும்னு வச்ச தப்பு."

"பின்னே, பூனைக்கு ரெண்டாவது வால் தானாவா முளைக்கும்?" என்று சிரித்தார் அவர். "இவங்க சாப்பிடற நேரம் பூரா இதைத்தான் தேடறாங்க மேடம். காலண்டர்லயே 'தப்பைக் கண்டுபிடிங்க'ன்னு கீழ போடச் சொல்லிட்டேன். எங்க நீங்க திருத்திடுவீங்களோன்னு எனக்குத்தான் பயம்."

தையல்காரப் பெண் ஒருத்தி சாப்பாட்டுக் கையோடு எட்டிப் பார்த்தாள். "பதிமூணும் கண்டுபிடிச்சாச்சுக்கா!"

பதிமூன்றா? அவள் வைத்தது பன்னிரண்டுதானே. மெல்ல எண்ணிக்கொண்டே போனாள். ஆகஸ்ட் படத்தில் மட்டும் இரண்டு வட்டம். ஒன்று அவள் வைத்த இரை. மற்றது அவளுக்கே தெரியாமல் விழுந்தது: தூங்குகிற அம்மாளுக்கு இரண்டும் வலது கை.

"ஆமா ஆமா, பதிமூணுதான்," என்றாள், முகம் மாறாமல்.

"அடுத்த வருஷ வேலை உங்களுக்குத்தான். ஆனா ஒண்ணு," என்று மேலாளர் இழுத்தார். அவள் காது விடைத்தது. "ஜூலைல ஆறு விரல் ரொம்பச் சுலபமா இருக்கு. அச்சுக்குப் போறதுக்குள்ள வேற தப்பா மாத்திக் குடுங்க. அப்புறம் டிசம்பர்ல அந்தப் போர்வை நிறம், எனக்கென்னவோ..."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. உலகத்தில் எல்லோரையும் போல ஒரு மனிதர்தான் இவரும்.

திரும்பும்போது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நிறுத்தத்தில் பஸ் நின்றதும் கணவர் கேட்டார்: "என்னாச்சு?"

"வேலை கிடைச்சிடுச்சு. ரெண்டு திருத்தம் சொன்னார்."

"அப்ப நல்ல கம்பெனிதான்!"

அவள் சிரிக்கவில்லை. தப்பே வேலையாகிவிட்டால், இனி இரைக்கு எங்கே போவது? போர்வையில் கை வைத்தவர் நாளைக்கு முகத்தில் வைக்கமாட்டாரா? மூன்று நிறுத்தம் தாண்டியபின் வழி தெரிந்தது. அடுத்த காலண்டருக்கு மாதிரி அனுப்பும்போது ஜனவரிப் படத்தில் ஒரு தப்பும் வைக்கக் கூடாது. 'இதுல தப்பைக் காணோமே' என்று மேலாளர் அதைக் கவ்விக்கொள்ளட்டும்.