மீன் தொடாத தூண்டில்காரர்

அம்பலவாணர் பழைய சப்பாத்து ஒன்றை எடுத்து, வளைத்து, அமுக்கி, வெளிச்சத்துக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். சப்பாத்து என்னுடையது. மாடியில் குடியிருக்கும் நான் கீழே வாசலோரம் கழற்றி வைத்திருந்தேன். "இதில ரெண்டு தவளை வரும் காணும்" என்கிறார். அதோடு பேரம் முடிந்துவிட்டது. நான் தந்ததாகவும் இல்லை, அவர் கேட்டதாகவும் இல்லை. மறுநாள் நான் வெறுங்காலோடு அச்சகத்துக்குப் போனேன்.

சப்பாத்துத் தோலைத் தவளையாக வெட்டுவது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. உடம்பு ஒரு துண்டு, பின்னால் உதறிக்கொண்டு வர இரண்டு கால்கள். தூண்டில் முள் மேல்நோக்கி முதுகோடு படுத்திருக்கும். தண்ணீருக்குள் கிடக்கும் கட்டைகளின் மேல் இழுத்தாலும் மாட்டிக்கொள்ளாது. விளக்குக் கரியும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசிக் காயவைப்பார். சிராங்கூன் சாலையில் எங்கள் வரிசையில் எந்த வீட்டு வாசலிலும் பழஞ்செருப்பு நிலைத்து நிற்பதில்லை என்றால் அதற்குக் காரணம் நாய்கள் அல்ல.

ஆள் யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்காரர். அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமைக் கிராணி, எழுத்தர்களுக்கெல்லாம் மேல். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, நெற்றி நிறையத் திருநீறு, பிறந்த நாள் முதல் மரக்கறிச் சாப்பாடு. இப்படிப்பட்டவர் கையில் தூண்டில் வந்தது அவருடைய துரையால். சீமைக்குத் திரும்பிய துரை, பித்தளைச் சக்கரம் வைத்த தன் தூண்டில்கோலைப் பிரியத்தோடு இவரிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். வேறொருவராக இருந்தால் அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார். இவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு புறப்பட்டார். மச்சம் தின்னாதவருக்கு மீன்பிடி எதற்கு என்று நானும் ஒருமுறை கேட்டு வைத்தேன்.

"வேட்டைக்குப் போற துரை புலியைத் தின்னுறாரோ?" என்றார்.

அவர் போகும் இடம் சிலேத்தார்ப் பக்கம் இருக்கிறது. மிளகும் காசுக்கட்டியும் பயிரிட்ட சீன முதலாளி ஒருவர் முன்பொரு காலத்தில் ஓடையைக் குறுக்கே மறித்துக் கரை போட்டார். தண்ணீர் தேங்கித் தோட்டத்தின் ஓரத்துக் காட்டையும் சேர்த்து மூழ்கடித்துவிட்டது. முதலாளி போய்விட்டார், ஏரி இருக்கிறது. ஆழமே கிடையாது. பல இடங்களில் இடுப்பளவுதான். ஆனால் இலை ஊறி ஊறித் தண்ணீர் கடுங்காப்பி நிறமாகிவிட்டதால் உள்ளே விட்ட கை மணிக்கட்டோடு காணாமல் போகும். அடியில் நெடுமரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. அந்தக் கட்டைகளின் நிழலில்தான் பெரிய விரால்கள் குடியிருக்கின்றன. மலாய்க்காரர்கள் தோமான் என்பது இதைத்தான். சில மீன்கள் ஆள் தொடை பருமன் இருக்கும்.

மழைக்காலம் ஓய்ந்து தை வெயில் ஏறத் தொடங்கும்போதுதான் அவருக்குப் பருவம். அந்த நாட்களில் விரால் சூட்டைத் தேடிக் கரையோரம் வரும், ஆனால் சோம்பலாகவே இருக்கும். இரையை விரட்டிப் பிடிக்காது. ஆகவே தோல் தவளையை அதன் மூக்குக்கு நேரே மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். எங்கே மூக்கு என்பது எப்படித் தெரியும்? விரால் மூச்செடுக்கத் தண்ணீரின் மேல் வந்தே ஆகவேண்டும். எங்கேயோ 'ப்ளப்' என்று ஒரு சத்தம் கேட்கும், வட்டம் விரியும். அம்பலவாணர் அந்த வட்டத்தில் வீசமாட்டார். எந்தக் கட்டைக்கு அது திரும்பிப் போகும் என்று யோசித்து அங்கே வீசுவார். வீசும்போதே "வரும்" என்பார். ஒவ்வொரு முறையும் சொல்வார். வராத முறைகளைப் பற்றி அவரிடம் பேசிப் பயனில்லை.

வந்த மீனை அவர் தொடமாட்டார். படகு வரைக்கும் இழுத்துக் கொண்டுவந்து சேர்ப்பதோடு அவர் பங்கு சரி. முள்ளைக் கழற்றுவது, தட்டிப் போடுவது, சாக்கில் கட்டுவது, யார் வீட்டுக் குழம்புக்கு எது என்று தீர்மானிப்பது எல்லாம் நூர்தீனின் பொறுப்பு. நூர்தீன் நாகப்பட்டினத்துக்காரர். எங்கள் வரிசையின் கோடியில் கயிறு, ஆணி, விளக்குச் சாமான் கடை வைத்திருக்கிறார். இருவரும் ஒன்பது ஆண்டுகளாக ஒரே படகில் போகிறார்கள், ஒன்பது ஆண்டுகளாகச் சண்டை போடுகிறார்கள். திரும்பி வந்ததும் அம்பலவாணர் எதையும் தொடாத கையைக் கிணற்றடியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். தலை முழுகாமல் உள்ளே வரக்கூடாது என்பது அவர் மனைவி குணவதியம்மாளின் சட்டம்.

இந்த வருஷம் முதல் ஞாயிற்றுக்கிழமையே விபரீதம் நடந்துவிட்டது. மாட்டாது மாட்டாது என்று அவர் மார்தட்டிய தவளை ஒரு கட்டையில் மாட்டிக்கொண்டது. நூலை அறுத்துவிடலாம் என்றார் நூர்தீன். நல்ல தவளை, விட மனசில்லை என்றார் இவர். நூர்தீன் முணுமுணுத்துக்கொண்டே தண்ணீரில் இறங்கினார். கறுப்புத் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மரக்குச்சி அவருடைய உள்ளங்காலில் ஏறிப் புறங்கால் வரை வந்துவிட்டது.

காயம் மூடவில்லை. வீங்கிச் சீழ் வைத்தது. அடுத்த வார வெள்ளிக்கிழமை மறுபடி பார்ப்பேன், அதற்குள் புதுச் சதை பிடிக்காவிட்டால் பாதத்தை எடுப்பதைத் தவிர வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருந்தும் கட்டும் ஒருபுறம் நடந்தது. ஆனால் எங்கள் தெருவில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் ஒத்துப்போகும் விஷயம் ஒன்று உண்டென்றால் அது விரால் சூப்பு. காயத்தை மூட அதுபோல வேறொன்றும் இல்லை என்பார்கள். ஒரே நிபந்தனை, மீன் அடுப்புக்குப் போகும்வரை உயிரோடு இருக்கவேண்டும். சந்தையில் அந்த வாரம் உயிர் விரால் கிடைக்கவில்லை. நூர்தீனின் மனைவி மைமூன் அம்பலவாணர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கிராணி ஐயா, ஒரு மீனு வேணும். உசுரோட வேணும்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. யாருடைய தவளைக்காக இந்தக் கால் போகிறது என்று கேட்டிருக்கலாம். கேட்காததுதான் அம்பலவாணரை வதைத்தது என்று நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நூர்தீன் இடத்தில் நான் போனேன். எனக்கு அச்சகத்தில் மாலை வேலை, பகல் சும்மாதான். படகைத் தள்ளத் தெரியாமல் இரண்டு கட்டைகளில் முட்டினேன். "சத்தம் போடாதையும்" என்றாரே தவிரத் திட்டவில்லை. வெயில் ஏறியதும் ஒரு வட்டம் விரிந்தது. அவர் வீசினார். "வரும்" என்றார். வந்தது. கோல் வளைந்து முனை தண்ணீரைத் தொட்டது. மீன் கட்டைக்கு அடியில் புகப் பார்க்க, இவர் படகில் எழுந்து நின்று அதைத் திருப்பிய அழகை அந்தத் துரை பார்த்திருக்க வேண்டும். முள்ளைக் கழற்றியது நான். மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீர் மொண்டு மீனை விட்டேன்.

"நல்லா நிரப்பும். மீனுக்குத் தண்ணிதானே சீவன்" என்றார். விளிம்பு வரை நிரப்பினேன். துள்ளி விழாமல் இருக்கப் பலகை போட்டு மூடச் சொன்னார். மூடிக் கயிற்றால் கட்டினேன். வீடு வரைக்கும் குதிரை வண்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் கொண்டுவந்தோம். மைமூன் முன்னால் பலகையைத் தூக்கினால் மீன் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

அம்பலவாணர் தகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மூச்செடுக்க மேலே வரும் மீன் என்று ஒன்பது வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர். அந்த மூச்சை வைத்தே மீன் பிடித்தவர். அதே மீனுக்கு மூச்சுவிட விரலளவு இடம் வைக்காமல் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகவிட்டார். பிடித்த பிறகு மீன் என்ன ஆகிறது என்று அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை, அதனால் வந்த வினை. நிரப்பிய எனக்கும் அது உறைக்கவில்லை.

மறுநாள் காலை தலைமைக் கிராணிக்குக் காய்ச்சல் என்று அலுவலகத்துக்குச் சேதி போனது. அவருடைய உத்தியோக வாழ்க்கையில் முதல் காய்ச்சல். விடிந்து வெயில் வருவதற்குள் நாங்கள் ஏரியில் இருந்தோம். முதல் மீன் முள்ளை உதறிவிட்டுப் போனது. இரண்டாவது வரவே இல்லை. நான் கவலைப்பட்டேன். அவர் படவில்லை. தவளையின் காலை நீவிவிட்டு மறுபடி வீசினார். மூன்றாவது வட்டத்துக்குப் பக்கத்தில், ஆள் உட்காரக்கூடிய ஒரு அடிமரத்தின் ஓரத்தில், அது கவ்வியது.

படகோரம் வந்ததும் நான் முந்தின நாள்போலக் கையை நீட்டினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"நேற்று உம்மட்ட விட்டனான். இண்டைக்கு என்ர கையில இருக்கட்டும்."

குனிந்து இரண்டு கையாலும் தூக்கினார். வழுக்கியது. மார்போடு அணைத்துப் பிடித்தார். முள்ளைக் கழற்றத் தெரியாமல் விரலைக் கிழித்துக்கொண்டார். தோளில் கிடந்த சால்வையை ஏரியில் நனைத்து மீனைச் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டார். வண்டி வழியெங்கும் அதன் வாய் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே வந்தார். சிராங்கூன் சாலைக்குள் நுழைந்தபோது காளி கோயில் வாசலில் தெரிந்தவர்கள் நின்றார்கள். ஒருவர் கும்பிடக் கையெடுத்து, மடியில் இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அம்பலவாணர் தலையை மட்டும் அசைத்துவிட்டு, மீனுக்குத் தண்ணீர் தெளித்தார்.

அந்த வாரம் முழுவதும் அவருடைய காய்ச்சல் இறங்கவில்லை. நாளுக்கொரு மீன் வந்தது. வெள்ளிக்கிழமை டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம் என்றார். இப்போது நூர்தீன் இரண்டு காலோடும் கடையில் நடமாடுகிறார். ஆற்றியது சூப்பா ஆஸ்பத்திரி மருந்தா என்று தெருவில் ஓயாமல் நடக்கும் வாதத்தில் அவரும் வந்து கலந்துகொள்கிறார். ஆனால் நான் சொல்ல நினைத்தது அந்தத் திங்கட்கிழமை மத்தியானத்தைப் பற்றி.

கடையின் பின்னறையில் நூர்தீன் காய்ச்சலில் கிடந்தார். மைமூன் கிண்ணத்தில் சூப்பு கொண்டுவந்தார். இஞ்சி மட்டும் போட்டது. காயத்துக்கு ஆகாது என்று உப்புப் போடவில்லை. நூர்தீன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மைமூன் கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் அழுதுவிட்டார். அம்பலவாணர் ஈர வேட்டியும் செதிலுமாக வாசற்படியிலேயே நின்றிருந்தார். குளிக்கக்கூடப் போகவில்லை.

"எனக்கு வேணாம். ஒரே சேத்து வாடை. வெட்டுறதுன்னா வெட்டிட்டுப் போகட்டும்" என்றார் நூர்தீன்.

"சேத்து வாடை ஒண்டும் இல்லை" என்றார் அம்பலவாணர்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் கிராணியாரே? நீங்க வாயில வச்சிப் பாத்தீங்களா?"

அம்பலவாணர் உள்ளே வந்தார். மைமூன் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினார். இரண்டு தரம் ஊதினார். விளிம்பில் வாய் வைத்து நன்றாக ஒரு வாய் குடித்து, விழுங்கினார். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து, ஒரு கையால் நூர்தீனின் பின்னந்தலையைத் தாங்கி நிமிர்த்தி, கிண்ணத்தை அவருடைய உதட்டருகில் கொண்டுபோனார்.